என் பக்கத்துப் பெடல்

மறுபடியும் வைப்பரைப் போட்டுவிட்டாள். திரும்புகிற இடத்தில் இண்டிகேட்டர் போட வேண்டும், என் பெண்டாட்டி மரகதம் போடுவது வைப்பர், ஒரு துளி மழையில்லாத வானத்தின் கீழே கண்ணாடி கறக் கறக்கென்று தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது, காலையிலிருந்து இது நாலாவது தடவை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊர் வண்டியில் இண்டிகேட்டர் வலது கைக்கு, வைப்பர் இடது கைக்கு. கிரேக்க நாட்டின் இந்தக் கிரீட் தீவில் எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங் இடப்பக்கம், போவது சாலையின் வலப்பக்கம், கியர் வலது கைக்கு. நான் உட்கார்ந்திருப்பது வலது சீட்டில். ஊரில் டிரைவர் உட்காருகிற இடம் இது, ஆனால் முன்னால் ஸ்டியரிங் இல்லை, காலுக்குக் கீழே பெடலும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு மிதியடி விரித்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த மிதியடியைத்தான் மூன்று நாளாக மிதித்துக்கொண்டு வருகிறேன். சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது. சிரித்தால் அப்போ நீங்க வந்து ஓட்டுங்க என்பாள். அந்தப் பேச்சு எழாமல் இருக்கப்போவதில்லை. காலையில் ஹானியாவில் தங்கியிருந்த இடத்தில் ரொட்டிக்குத் தேன் தடவிக்கொண்டே சொல்லிவிட்டாள். "மல மேல வரைக்கும் நான் ஓட்டறனுங்க. அந்தப் பக்கத்து எறக்கம் மட்டும் நீங்க ஓட்டீருங்க. கொண்டை ஊசி வளைவு நெறையா இருக்குதாம், நிவேதா சொன்னா. எனக்குக் கைகாலு ஒதறுது." நானும் செரி என்றேன். தலையை வேறு ஆட்டினேன். மலை மேலே இம்ப்ரோஸ் என்று ஓர் ஊர் வரும், அங்கே நிறுத்தி இடம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஓட்ட வேண்டும். மூன்றாவது வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

சொல்ல வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நாலு வார்த்தைதான். எனக்கு நினைவு விட்டுப் போகிறது. மயக்கம் என்று சொல்ல முடியாது, விழுவதில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே, நின்ற இடத்தில் நின்றபடியே ஆள் காணாமல் போய்விடுகிறேன். அது வருவது தெரியாது, வந்து போனதுதான் தெரியும். போன ஆடியில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டம்ளரை வாங்கினேன், அடுத்து பார்த்தால் டீ முழுக்க வேட்டியில், கடைக்காரர் "வாத்தியாரே, வாத்தியாரே" என்று தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிடம் இருக்கும் என்றார். என் கணக்கில் அந்த இரண்டு நிமிடம் இல்லவே இல்லை. பித்தம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து அடுத்த கிளாஸுக்குப் போனேன். டாக்டரிடம் போனால் இதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வைத்துவிட்டால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் சென்னியப்பன் யார்? உடுமலைப்பேட்டையில் என் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருடம். டாக்டர், வக்கீல், வட்டாட்சியர் எல்லாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஓடும் பாம்பை மிதிக்கிற வயசில் ஆரம்பித்த தொழில். காலை எடு என்றால் எடுக்க வருமா.

பெண்டாட்டிக்கு மட்டும் மூன்று நாள்தான் சொல்லிக்கொடுத்தேன். அது ஆயிற்று பத்தொன்பது வருடம். மூன்றாம் நாள் தளி ரோட்டில் வண்டி நடுவில் நின்றுபோனது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் காது செவுடா என்று கத்தினேன். அவள் சாவியைத் திருப்பினாள், எடுத்தாள், என் மடியில் வைத்தாள், இறங்கி வீடு வரைக்கும் நடந்தே போய்விட்டாள். அதற்கப்புறம் கார் பேச்சையே எடுக்காதவள், போன தீபாவளி கழிந்த மறு வாரம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம் இருக்கிற அமராவதி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் தொழிலில் எனக்குப் போட்டி அவன் ஒருத்தன்தான், அவனிடமே. வாத்தியார் பொண்டாட்டி பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிக்குது என்று ஊரே சிரித்தது. பதினோரு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் கொஞ்சமும் அசையவில்லை, தினமும் காலையில் ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு போனாள், லைசென்ஸ் எடுத்தாள், ஜெர்மனியில் இருக்கும் மகள் நிவேதா எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தபோது வெளிநாட்டில் ஓட்டுகிற பர்மிட்டையும் எனக்கு முன்னால் போய் வாங்கிவிட்டாள். என்ன வீம்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்த வீம்பின் பக்கத்தில்தான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலிக்குது, நீயே ஓட்டு அம்மிணி என்று விமான நிலையத்தில் சொன்னேன், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள். அந்த அமராவதிப் பாவி மனுஷன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுகிறாள். பின்னால் அவசரக்காரன் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழி விடுகிறாள். ஒரே குறை இந்த வைப்பர்தான்.

"ஏனுங்க, அந்த மெதியடிய ஓட்டையாக்கீராதீங்க. திருப்பிக் குடுக்கோணும்."

காலைப் பார்த்தேன். வலது கால் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு லாரி வருகிறது, அவ்வளவுதான், அதன் பாட்டுக்கு அதன் பக்கத்தில் வருகிறது. காலை எடுத்தேன். முழங்கால் நிஜமாகவே வலிக்கிறது, பொய் சொன்னால் பலிக்கும் போலிருக்கிறது.

சாலை ஓரமெல்லாம் அரளி, நம் ஊர் அரளியேதான், சிவப்பும் வெள்ளையும். அதன் நடுவே இன்னொரு பெட்டி வருகிறது. முதல் நாளிலிருந்தே இந்தப் பெட்டிகளை எனக்குப் பிடித்துப்போயிற்று. இரும்புக் காலில் நிற்கிற சின்னக் கோயில், புறாக்கூண்டு அளவுதான் இருக்கும், மேலே சிலுவை, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு சாமி படம், எண்ணெய் விளக்கு. வளைவுக்கு வளைவு இருக்கிறது. மலைப்பாதைக்குக் காவல் தெய்வம், நம் ஊரில் மட்டும்தான் உண்டு என்று நினைத்தோமே என்று இருந்தது. வாடகைக் காரை எடுத்த அன்றைக்கே நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம், சாவி கொடுத்த பெண் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரைத் தாண்டியதும் முதல் பெட்டியில் நிறுத்தி, கதவைத் திறந்து, விளக்கு எண்ணெயில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்தேன், ஸ்டியரிங்கிலும் ஒரு பொட்டு. அதற்கப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கும்பிடு. சாமீ, நான் ஓட்டுகிற நிலைமை வரக் கூடாது. இதைத்தான் கேட்கிறேன். இருபத்தாறு வருடம் ஓட்டு ஓட்டு என்று ஊரை விரட்டியவனுடைய வேண்டுதல் இது.

கடலோரச் சாலையை விட்டு மலைக்குத் திரும்புகிற இடத்தில் வ்ரிசேஸ் என்று ஓர் ஊர். பெரிய பெரிய மரங்கள், நிழல், பக்கத்தில் ஓடைச் சத்தம். மரகதம் பெட்ரோல் போட நிறுத்தினாள். பங்கிலேயே ஒரு காப்பிக்கடை, இரண்டையும் ஒரே அம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள், நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் எண்ணெய்க் கறை. தயிரில் தேன் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்பூனை நிறுத்தி வைத்தால் நிற்கிறது, அப்படி ஒரு தயிர். மரகதத்துக்கு ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷும் நூறு வகுப்புத் தைரியமும் உண்டு. எதிரே ரோட்டோரம் நின்ற பெட்டியைக் காட்டி, எந்தச் சாமி என்று கேட்டாள். அந்த அம்மாள் சாமி இல்லை என்று கையை ஆட்டினாள். ஆக்ஸிடென்ட், என்றாள். ஒரு கையை இன்னொரு கையில் மோதிக் காட்டினாள். அந்த இடத்தில் ஆள் செத்தால் வீட்டுக்காரர்கள் பெட்டி வைப்பார்களாம், உள்ளே அவர் போட்டோவும் இருக்கும். சாகாமல் தப்பித்தவர்களும் வைப்பதுண்டு, நன்றிக்கு, அதில் போட்டோ இருக்காது. பிறகு மலைப்பக்கம் கையைக் காட்டி, மேலே நீலக்கலரில் ஒன்று வரும், அது என்னுடையது என்றாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் மழையில் உருண்டதாம், கூட அவள் தங்கை இருந்தாளாம். யார் ஓட்டியது என்று நான்தான் கேட்டேன், என் வாயிலிருந்து அந்தக் கேள்வி எப்படி வந்ததென்று தெரியவில்லை. நான்தான், என்றாள். தூங்கிவிட்டேன், என் தப்பு. சொல்லிவிட்டு மரகதத்துக்கு இன்னும் கொஞ்சம் தேன் ஊற்றினாள்.

"பாருங்க, கெரகம், செத்தவிய எண்ணெயத் தொட்டு நெத்தியில வெச்சுட்டுத் திரியறோம்" என்றாள் மரகதம், வண்டியில் ஏறியதும். சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் விரல் தானாக நெற்றியைத் துடைத்தது, மூன்று நாளைக்கு முந்திய எண்ணெய், குளித்து எப்போதோ போயிருக்கும். இப்போது பெட்டி வந்தால் எப்படிக் கும்பிடுவது. உள்ளே போட்டோ இருக்கிறதா என்று கண் போகிறது. ஒன்றில் மீசைக்காரர் இருந்தார். ஒன்றில் கல்யாணக் கோலத்தில் ஒரு பெண். மலை ஏறுகிறது. வளைவுக்கு வளைவு பெட்டி, அப்படியென்றால் வளைவுக்கு வளைவு ஓர் ஆள். அந்த அம்மாள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். தூங்கிவிட்டேன், என் தப்பு. பெட்ரோல் டேங்க் நிறைந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். என்னால் மட்டும் ஏன் முடியவில்லை. பக்கத்தில் இருப்பவள் முப்பது வருடமாக என்னோடு இருப்பவள், என் குறட்டைக்கு விளக்கம் சொல்லத் தெரிந்தவள், அவளிடம் எனக்கு நினைவு தப்புகிறது என்று சொன்னால் என்ன செய்துவிடுவாள். ஒன்றும் செய்ய மாட்டாள். அதை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, அதுதான் சங்கதி. அந்த நூலை இழுத்தால் எப்போதிலிருந்து என்று கேட்பாள், ஆடியிலிருந்து என்பேன், அப்படியென்றால் ஆவணியில், என்று அவளே நிறுத்தி என்னைப் பார்ப்பாள். ஆவணியில் ரெஜினா டீச்சர்.

ரெஜினா டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. நாலாம் வகுப்பு எடுக்கிறவர். புருஷன் இல்லை. மடத்துக்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் ஆகி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது, பழைய கார் ஒன்று வாங்கி நாமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று என்னிடம் வந்தார். பயந்த சுபாவம், ஆனால் சொன்ன சொல் கேட்பார், நான் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் ஸ்கூல் வண்டியில் என் பக்கமும் மூன்று பெடல் வைத்துக் கட்டியிருக்கும். முதல் ஐந்து நாள் படிக்கிறவர் கையில் ஸ்டியரிங் மட்டும்தான், கிளச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் என் காலில். டீச்சருக்கு அன்றைக்கு ஐந்தாம் நாள். நாளைக்குப் பெடல் தருகிறேன் டீச்சர் என்று வண்டியை எடுக்கும்போது சொன்னேன், அவர் சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. பழனி ரோட்டில் போகிறோம். ஒரு சைக்கிள்காரரைத் தாண்டினோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து நான் பார்த்தது புளியமரத்தின் பட்டை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். எனக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய வலது கால் எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. சார், சார், நான் என்னங்க சார் பண்ணினேன் என்று அழுதார். போலீஸ்காரர் வந்து கேட்டபோது நான் சொன்னது இதுதான்: இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெடல் கொடுத்தேன், பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார்கள், புதுசாகப் படிக்கிறவர்களுக்குச் சகஜம். நாளைக்கு என்பதை இன்றைக்கு என்று மாற்றியதுதான் நான் செய்தது. ஒரே ஒரு நாள். அடிபட்ட அதிர்ச்சியில் நடந்தது ஒன்றும் சரியாக நினைவில்லாத டீச்சரும் நம்பிவிட்டார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஜென்மம்.

அதோடாவது விட்டிருந்தால். இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு ஸ்கூலுக்கு வந்தார், கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். உங்க வண்டியை நாசம் பண்ணிட்டனுங்க சார், மன்னிச்சுக்கோங்க என்றார். கணுக்காலில் தகடு வைத்திருந்தார்கள். காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னார், "செஞ்ச காலுதானுங்க சார் அடி வாங்கிச்சு. ஆண்டவர் கணக்கு சரியாத்தான் இருக்குது." நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா. அது பரவால்லீங்க டீச்சர், எல்லாருக்கும் நடக்கறதுதான். இதைச் சொன்ன வாய் இதுதான், இப்போது தயிரும் தேனும் தின்ற வாய். அந்த ஆப்பிளையும் தின்றேன். விபத்து நடந்த நாளிலிருந்தே கிளாஸ் எடுப்பதை விட்டுவிட்டேன், ஆள் வைத்து நடத்துகிறேன், முட்டி வலி என்று ஊருக்குச் சொன்னேன். டீச்சர் இன்றைக்கும் இரண்டு பஸ் மாறித்தான் போகிறார், நொண்டிக்கொண்டு. காரைப் பார்த்தாலே கை நடுங்குகிறதாம். சனியன் பிடித்த கால். என் காலைச் சொல்கிறேன்.

"ஏனுங்க, அங்க பாருங்க. அந்தம்மா சொன்ன நீலப் பொட்டி."

ஆமாம், நீலம்தான். வளைவின் முனையில் தனியாக நிற்கிறது, பின்னால் ஒன்றுமில்லை, பள்ளமும் வானமும்தான். நேற்றுத்தான் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. பதினொரு வருடமாக அவள் இங்கே ஏறி வந்து எண்ணெய் ஊற்றுகிறாள், தன் தப்புக்குத் தானே ஒரு கோயில் கட்டி, ஊரெல்லாம் பார்க்க ரோட்டின் மேலேயே. நான் பழனி ரோட்டில் அந்தப் புளியமரத்தைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போகிறவன். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே போட்டோ இல்லை, விளக்கு மட்டும், அந்தச் சுடர்

வண்டி நிற்கிறது. எஞ்சின் அணைந்திருக்கிறது. என் சட்டை நனைந்திருக்கிறது, தண்ணீர் பாட்டில் மடியில் சாய்ந்து கிடக்கிறது, அதன் மூடி மிதியடி மேலே. வெளியே பெட்டி இல்லை, பள்ளம் இல்லை. இம்ப்ரோஸ் வந்துவிட்டது போலிருக்கிறது, கல் வீடுகள் நாலைந்து, ஒரு திராட்சைப் பந்தல், குளிர்ந்த காற்று. மரகதம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என் முழங்கையின் மேல் வைத்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

"தண்ணி குடிச்சேன், கொட்டிருச்சு" என்றேன்.

"நீலப் பொட்டி தாண்டி ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டமுங்க. நடுவுல ஒரு மந்தை ஆடு குறுக்க போச்சு. நின்னேன். ஹாரன் அடிச்சேன். உங்களக் கூப்ட்டேன். நீங்க பாக்குலீங்க. சட்டைப் பொத்தானத் தடவீட்டே இருந்தீங்க. அப்படித்தான் தடவுவீங்க."

அப்படித்தான். அந்தச் சொல் எனக்குள் இறங்க நேரம் பிடித்தது.

"எத்தன தடவ பாத்திருக்கற?"

"இதோட ஆறுங்க. மொதோ தடவ தீவாளிக்கு முந்தின வாரம். குளிக்கறக்குப் போனீங்க, தண்ணி ரொம்ப நேரமா ஊத்தீட்டே இருக்குது, எட்டிப் பாத்தா சொம்பக் கையில புடிச்சுட்டு நிக்கறீங்க. கூப்ட்டா திரும்புல. அப்பறம் திரும்பி, ஏன் இப்படி மொறைக்கறேன்னு என்னியவே கேட்டீங்க."

"கேக்குலயே நீயி, ஒரு வார்த்த."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. சொல்லாட்டிப் போவுது, நாளைக்கு வழியில எங்கியாவது இப்படி ஆச்சுன்னா வண்டிய வாங்கி ஓட்டறக்கு ஓர் ஆளு வேணுமில்ல. உங்ககிட்டப் படிக்க முடியாது. அதான் அவருகிட்டப் போனேன். இன்னைக்கும் எறக்கத்த ஓட்டுங்கன்னு சும்மாதான் சொன்னேன். அப்பவாவது வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன்." அவள் மூடியைக் குனிந்து எடுத்துப் பாட்டிலில் திருகினாள். "நிவேதா யாரையோ கேட்டாளாம். மாத்திரையில அடங்கீருமாம். தனியா எத்தன மாசம் பயந்துட்டு இருந்தீங்களோ. போங்க, நீங்களும் உங்க முட்டி வலியும்."

வீம்பு என்று நினைத்தேனே. பதினோரு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு தின்றேனே. நான் ஒரு போட்டிக்காரனைப் பார்த்த இடத்தில் அவள் எனக்கு ஒரு டிரைவரைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் கை இன்னும் என் முழங்கையில் இருக்கிறது, சூடாக. இப்படியே விட்டுவிடலாம். அவளுக்குத் தெரிந்துவிட்டது, மாத்திரை இருக்கிறது, அவளே ஓட்டுவாள், நான் பாவப்பட்ட மனுஷன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம்தான் முதல் தடவை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆவணி அவள் கணக்கிலேயே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கை இங்கேயே இருக்கும். இதைவிட நல்ல கை எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்கப்போவதில்லை. அப்புறம் ஊருக்குப் போவோம், பஸ் ஸ்டாண்டில் ரெஜினா டீச்சர் ஒரு காலை இழுத்து இழுத்து ஏறுவதைக் காரிலிருந்து பார்ப்போம், மரகதம் ஐயோ பாவம் என்பாள், நானும் ஆமாம் என்பேன்.

"மொதோ தடவ அது இல்ல, அம்மிணி" என்றேன். "ஆடியிலயே வந்துச்சு. டீக்கடையில."

அவள் தலையாட்டினாள். ஆடி, ஆவணி என்று அவள் உதடு எண்ணுவது தெரிந்தது. நான் நினைத்தபடியேதான், பாதியில் நின்றது. அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாக இருந்தது. "டீச்சர் ஒண்ணும் மிதிக்குல. பெடல் அன்னைக்கு அவங்ககிட்டத் தரவே இல்ல. என் காலுதான் ஆக்ஸிலேட்டர் மேல இருந்துச்சு. நான் இல்ல, என் காலு மட்டும் இருந்துச்சு. போலீசுகிட்ட மாத்திச் சொன்னேன். டீச்சர்கிட்டயும் மாத்திச் சொன்னேன்."

கையை எடுத்துவிட்டாள். கோபமாக எடுக்கவில்லை, சும்மா எடுத்தாள், அதுதான் பொறுக்க முடியவில்லை. கல் வீட்டிலிருந்து ஒருத்தர் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு பெல்ட்டைச் சரி செய்தாள், சாவியைத் திருப்பினாள். நான் பத்தொன்பது வருடத்துக்கு முந்திய தளி ரோட்டை நினைத்துக்கொண்டேன். இப்போது இறங்கி நடந்தால் எங்கே போவாள், கடல்வரைக்கும் நடப்பாள். ஆனால் வண்டி நகர்ந்தது.

மலை முடிகிற இடத்தில் திடீரென்று கீழே கடல், அப்படி ஒரு நீலம், அதற்குள் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. வேறொரு நாளாக இருந்தால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி, இதெல்லாம் ஒரு வளைவா என்று பெருமை அடித்திருப்பேன். மரகதம் இரண்டாம் கியரில் இறக்கினாள். முதல் வளைவு. இரண்டாவது, மூன்றாவது. என் கால் மிதியடியை மிதிக்கிறது, வெட்கமாக இருக்கிறது, எடுக்கிறேன், அடுத்த வளைவில் மறுபடி மிதிக்கிறது. மிதிக்க வேண்டிய அன்றைக்கு மிதிக்காத கால், ஒன்பது மாதமாக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. எத்தனை மிதித்தால் அந்த ஒரு மிதிக்கு ஈடாகும். கைகாலு ஒதறுது என்று சொன்னவளின் கையைப் பார்க்கிறேன், ஓர் உதறல் இல்லை. ஆறாவது வளைவில் ஒரு பெட்டி. உள்ளே போட்டோ இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குள் தாண்டிவிட்டோம். என்னை விட்டுவிடுவாளோ என்று இல்லை. அவள் இனிமேல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆப்பிள் பையையும் பார்ப்பாள், அதுதான் பயம். அந்த ஆப்பிளை அறுத்துத் தட்டில் வைத்தவள் அவள். டீச்சர் எவ்வளவு தங்கமான மனுஷி பாருங்க என்று சொன்னாள் அப்போது.

எட்டாவது வளைவில் அகலமாக ஓர் இடம் இருந்தது. ஒதுக்கி நிறுத்தினாள். கை பிரேக்கைப் போட்டாள். இந்தத் தடவை இண்டிகேட்டர் சரியாக விழுந்தது, டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, அதை அவள் அணைக்கவில்லை.

"டீச்சர் நெம்பர் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அங்க இப்ப மணி எத்தன?"

"ஒண்ணே முக்கால் இருக்கும். சோத்து நேரம்."

"பேசுங்க."

"ஊருக்குப் போயி நேர்ல..."

"நேர்லயும் போலாமுங்க. நானே கூட்டீட்டுப் போறேன். போலீசுக்குப் போவோணும்னாலும் நானே கூட்டீட்டுப் போறேன். இப்பப் பேசுங்க. அவங்க இன்னைக்குப் பொழுதோட பஸ் ஏறறப்ப அந்தக் காலத் திட்டிக்கிட்டு ஏறக் கூடாது."

லைசென்ஸ் போகும். ஸ்கூல் போகும், பெயர் போகும், அமராவதிக்காரன் வாசலில் கூட்டம் நிற்கும். போனை எடுத்தேன். கீழே கடலில் ஒரு படகு வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. மணி அடிக்கிறது, ஒன்று, இரண்டு, எடுக்காமல் போனால் நல்லது என்று ஒரு மனம், எடுத்துவிடுங்கள் டீச்சர் என்று ஒரு மனம். மரகதம் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவள் இடது கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது, வலது கை கியருக்கு மேலே, எனக்கு நாலு விரல் தூரத்தில். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம், தட்டுச் சத்தம்.

"சாருங்களா? நல்லா இருக்கீங்களா சார்? வெளிநாடு போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. எனக்கு இப்பப் பரவால்லீங்க சார். மழ வந்தா மட்டும் அந்தக் காலு கொஞ்சம் வலிக்கும். அதுக்கென்னங்க பண்றது, செஞ்ச காலு, அனுபவிக்கட்டும்."

என் வலது கால் மிதியடியில் சும்மா கிடந்தது.

"டீச்சர்" என்றேன், "அந்தக் காலு ஒண்ணும் செய்யலீங்க."